புதுக்கயிறு

கருத்தையா தாத்தாவின் ஆட்டுத் தொழுவில் மூன்று ஊன்றுகோல்கள் நடப்பட்டிருந்தன. மூன்றும் அலுமினியம். கைப்பிடி மண்ணுக்குள் போயிருக்க, ரப்பர் குமிழ் மேலே நின்றது. குறுக்காக ஒரு கம்பைக் கட்டி அதில் வேப்பங்குழை தொங்கவிட்டிருந்தார். ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி அதைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு ஊன்றுகோலை வியாபாரிகள் சங்கம் கொடுத்திருந்தது. இன்னொன்று மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு தந்தது. மூன்றாவது, நான் வேலை பார்க்கும் அறக்கட்டளையுடையது. ஒரே வருடத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்து, கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தோம்.

"காலு எனக்கு நல்லாத்தான இருக்கு," என்றார் தாத்தா. "கண்ணுதான பாப்பா தெரியல. கண்ணுக்குக் கம்பு குடுத்தா நான் என்ன செய்ய?"

அவருடைய இடது கண் போன வருடமே போய்விட்டது. அப்போதும் ஒரு கண் முகாம் நடந்தது. அப்போதும் ஊருக்கு வேன் வந்தது. ஆனால் அது விதைப்பு நேரம். புதூர்ப் பக்கத்துக் கரிசலில் மழைக்கு முன்னால் விதையை மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும். ஊரே விதைப்புக் காட்டில் இருந்தது. ஆடுகளைக் கைமாற்றிவிட ஓர் ஆள் கிடைக்காமல் தாத்தா ஓடைக்கரையில் நின்றிருக்கிறார். வேன் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. முற்றிய புரை உள்ளுக்குள்ளேயே உடைந்து, கண்ணில் அழுத்தம் கூடி, நரம்பு செத்துப்போனது.

இப்போது வலது கண்ணும் அதே வழியில் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெந்த முட்டையின் வெள்ளைபோல் விழி திரண்டிருந்தது. முட்டையின் வெள்ளையும் கண்ணின் வில்லையும் புரதம்தான். புரதம் ஒருமுறை வெளுத்தால் திரும்பத் தெளியாது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்கு வந்திருந்த டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இந்தத் தடவை இவர கண்டிப்பா கூட்டிட்டு வந்திரணும்மா. அடுத்த முகாம் பொங்கலுக்குப் பிறகுதான். அதுவரைக்கும் இந்தக் கண்ணு தாங்காது."

தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஆடுகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இதுகளை எங்க விட?"

ஊன்றுகோல் விஷயத்தைக் கோவில்பட்டிவரை கொண்டுபோனது பேபி அக்கா. அதே ஊர்க்காரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள், ஊர் மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. வியாபாரிகள் சங்கக் கட்டிடத்தில் எல்லாருமாகக் கூடிய முதல் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். "நாலாவது கம்பு யாரும் குடுக்கதா இருந்தா சொல்லுங்க. கருத்தையா பெரியப்பா தொழுவுக்கு இன்னும் ஒரு கால் குறையுது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தச் சிரிப்பில்தான் இந்த வருட முகாமைச் சேர்ந்து செய்வது என்று முடிவானது. வேனும் சாப்பாடும் வியாபாரிகள் சங்கம். ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்ப்பதும் ஆஸ்பத்திரியில் கூட இருப்பதும் மகளிர் குழுக்கள். டாக்டர்களோடு பேசுவது நாங்கள். ஏற்றி இறக்க ஊர்க் கிரிக்கெட் கிளப். அதன்பிறகு பிளக்ஸில் யார் பெயர் மேலே வருவது என்று பேச்சு ஆரம்பித்து, டீ வந்து, டீ ஆறி, இன்னொரு டீயும் வந்தது.

நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். ஆடுகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். எனக்கே கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பேபி அக்கா என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இந்தப் பிள்ளை கேக்குதுல்லா! கருத்தையா பெரியப்பா ஆட்டை யாரு மேய்க்க? ஆட்டுக்கு ஆள் போடாம அவரு வேன்ல ஏற மாட்டாரு. போன வருசம் ஒரு கண்ணை வாரிக் குடுத்தது அதுலதான்."

சங்கத்தின் செயலாளர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. மார்க்கெட் ரோட்டில் கயிறு, சாக்கு, பிளாஸ்டிக் குடம் விற்கும் கடை வைத்திருப்பவர். சட்டையும் வேட்டியும் எப்போதும் சலவை மடிப்பு கலையாமல் இருக்கும்.

"ஆட்டுக்குமா அட்டெண்டர்?" என்றார். "சங்கத்துல தீர்மானம் போட்டா ஊரு சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. ஒரு மாசத்துக்கு வேணும். ஆப்பரேசன் முடிஞ்சாலும் புழுதியில போகக்கூடாதுன்னு சொல்லுதாவ."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். பிறகு கிரிக்கெட் கிளப் கேப்டன் சீனியைப் பார்த்தார். "ஏலே சீனி, பந்து பொறுக்கத்தான ஓடுதிய. ஆடு பின்னால ஓடுனா என்ன? முறை வச்சு மேய்ச்சுக்கிடுங்க. என்ன சாமான் வேணும்னாலும் நம்ம கடையில வந்து எடுத்துக்கிட்டுப் போ."

அப்படித்தான் அது தீர்மானமானது. பிளக்ஸைவிடச் சீக்கிரமாக.

தாத்தா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சீனி ஒரு வாரம் அவர் பின்னால் போய், ஒவ்வொரு ஆட்டுக்கும் என்ன பெயர், எது முட்டும், எது அடுத்தவன் புஞ்சையில் வாய் வைக்கும் என்று கேட்டுக்கொண்டான். ஒருநாள் தாத்தா பேபி அக்காவிடம், "பயலுக்குக் கொஞ்சம் கூறு இருக்கு," என்றாராம். அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

முகாமுக்கு முந்தின நாள் அவர் மகன் சண்முகராஜ் திருப்பூரிலிருந்து எனக்கு போன் செய்தார். பனியன் கம்பெனியின் இரைச்சல் பின்னால் கேட்டது. "மேடம், அவியள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துல அந்த ஆடுகளையும் வித்துரச் சொல்லுங்களேன். நான் எத்தனை தடவையோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்காவ. கண்ணு தெரியாம அங்க தனியா கிடந்து என்ன செய்ய? ஆடு இல்லன்னா எங்ககூட வந்து இருப்பாவல்லா." குரலில் கெட்ட எண்ணம் இல்லை. களைப்புதான் இருந்தது. ஆட்டை விற்பது எங்கள் வேலையில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தாத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் வேன் ஊருக்குள் வந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. மற்ற ஊர்களில் ஏற்றிக்கொண்டு வந்த பெரியவர்கள் உள்ளே இருந்தார்கள். தாத்தா குளித்து, திருநீறு பூசி, மஞ்சள் பையோடு நின்றார். அண்ணாச்சியும் வந்திருந்தார், வேனை அனுப்பி வைக்க.

"இதுகளை ஒருக்கத் தொட்டுட்டு வாரேன்," என்று தாத்தா தொழுவுக்குள் போனார்.

முதல் ஆட்டின் கழுத்தைத் தடவினார். கை அங்கேயே நின்றது. அடுத்த ஆட்டைத் தடவினார். அதற்கடுத்ததையும்.

"இது என்ன கயிறுலே?"

சீனிக்கு முகமெல்லாம் பெருமை. "புதுசு தாத்தா! நைலான். அண்ணாச்சி கடையில எடுத்தது. பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு கலர் கலரா இருக்கு. உம்ம பழைய கயிறெல்லாம் இத்துப் போச்சுல்லா."

"பழசு எங்க?"

"நேத்து அந்தில கொசுவுக்குப் புகை போட்டோம். அதுல போட்டு..."

தாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பை சாய்ந்து, உள்ளிருந்த டம்ளர் உருண்டது.

"யாருக்குலே வித்திய?"

சீனி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். தாத்தா சிரிக்கவில்லை.

"வித்தாக்கூட பழைய கயித்த என் கையில குடுத்திருக்கணும்லா. எரிக்கவா செய்வாவ? எவனும் செய்ய மாட்டானே."

பேபி அக்கா ஓடிவந்தாள். "பெரியப்பா, யாரும் விக்கல. சின்னப் பயலுவ, தெரியாமச் செஞ்சிட்டானுவ."

அவர் அவளைக் கவனிக்கவில்லை. நான் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார். "பாப்பா, நீ பொய் சொல்ல மாட்ட. சண்முகராஜு போன் போட்டானா இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"போட்டாவ தாத்தா. ஆனா..."

அந்த ஆனாவுக்கு மேல் அவர் கேட்கவில்லை. "வேனை அனுப்பிருங்க," என்றார். "நான் வரல."

அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கயித்துக்கு என்னம்மா வந்தது? முதல் தரமான கயிறு அது," என்றார். பேபி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஆடு மாடு விக்கையில கயித்தோட குடுக்க மாட்டாவ. பழைய கயிறு வித்தவன் கையில இருந்துரும். வாங்குனவன் புதுக்கயிறு கொண்டாந்து கட்டித்தான் ஓட்டிட்டுப் போவான். புதுக்கயிறு கழுத்துல ஏறிட்டுன்னா ஆடு கைமாறிட்டுன்னு அர்த்தம்."

அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார். "முப்பது வருசமா சந்தைக்குப் போறவனுக்குக் கயிறு விக்கேன்," என்றார். "எதுக்கு வாங்குதான்னு ஒருத்தன்கிட்டயும் கேட்டதில்லியே!"

அவரே தொழுவுக்குள் இறங்கினார். புழுக்கையை மிதித்து, ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, நைலான் முடிச்சுகளை அவிழ்த்தார். பல்லால்கூட இழுத்தார். கடைசிக் கயிறு அவிழ்ந்ததும் ஆடுகள் நாலு பக்கமும் சிதறின. பையன்கள் விரட்டிப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினார்கள்.

"இந்தா பாரும்," என்று அண்ணாச்சி மூச்சு வாங்கினார். "அவுத்தாச்சு. ஒண்ணும் கட்டல. இப்ப ஏறும்."

தாத்தா எழுந்திருக்கவில்லை. "கயிறு இல்லாத ஆடு கண்டவனுக்கும் ஆடுதான," என்றார் மெதுவாக.

வேனுக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "அங்கன என்ன கூத்து? எங்க கண்ணு அவிஞ்ச பொறவா வேனை எடுப்பிய?"

அது பக்கத்து ஊரில் ஏறியிருந்த முத்துமாரியம்மாள். பேபி அக்கா ஜன்னல் பக்கம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் வீட்டுக் கயிறு வேண்டும், அவர் கையாலேயே கட்ட வேண்டும், வீட்டில் வேறு கயிறே இல்லை.

"கயிறு இல்லன்னா வேட்டியுமா இல்ல?" என்றாள் முத்துமாரியம்மாள். "கிழிச்சுத் திரிச்சா கயிறு. இதுக்குப் போயி ஒரு சங்கம், ஒரு வேனு." சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்து, படியைக் காலால் தேடி, இறங்கிவிட்டாள்.

தாத்தா நிமிர்ந்தார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய், கொடியில் கிடந்த பழைய வேட்டிகள் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வேட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக் கிழித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள்.

தரையில் விரிக்க ஒன்றும் இல்லை. சீனி வேனுக்குள்ளிருந்து பிளக்ஸை எடுத்து வந்து விரித்தான். அண்ணாச்சி தடுக்கக் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். எல்லாச் சங்கங்களின் பெயர்களின் மேலும் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒருவர் நுனியைப் பிடிக்க, எதிரே இருப்பவர் திரித்தார். அநேகமாக எல்லாருக்கும் பார்வை மங்கல். யார் கையில் யாருடைய நுனி என்று தெரியாமல் இழுத்தார்கள். "ஏட்டி, அது என் சேலைத்தலைப்பு!" என்று ஒரு குரல். "நான் கயிறுன்னுல்லா நினைச்சேன்!" என்று இன்னொரு குரல். ஒருவர் திரித்தது ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் நூலாகவும் வந்தது. முத்துமாரியம்மாள் அதைத் தடவிப் பார்த்தாள். "இது ஆட்டுக்கா, பாம்புக்கா?" என்றாள். தாத்தாவின் தோள் குலுங்கியது. அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நானும் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே தாத்தா திரித்தார். முறுக்கு என் விரல்வரை ஏறி வந்தது.

"அவன் போன்ல என்ன சொன்னான்?" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"ஆட்டை வித்துட்டு நீங்க அங்க வந்து இருக்கணும்னு சொன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"அது எங்க வேலை இல்லன்னு சொன்னேன்."

"அதை நேத்தே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா பாப்பா," என்றார். கோபம் இல்லை. அடுத்த துண்டை எடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நேரம் தவறினால் இன்றைய பரிசோதனைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றார்கள். அண்ணாச்சி வாங்கிப் பேசினார். "வந்துருவோம் டாக்டரம்மா... இல்ல, வேன் நல்லாத்தான் இருக்கு... கயிறு திரிச்சிட்டு இருக்காவ... கயிறும்மா, கயிறு... ஆட்டுக்கு." பிறகு அண்ணாச்சியின் முகம் இளகியது. "மத்தியானம் வரைக்கும் காத்திருப்பாவளாம்," என்றார் எங்களிடம்.

ஒன்பது ஆட்டுக்கும் ஒன்பது கயிறு. தாத்தாவே கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, ஒரு விரல் உள்ளே விட்டு இறுக்கம் பார்த்து, அதன்பிறகுதான் விட்டார். கடைசியில் கயிறுகளின் மறுநுனிகளை ஒன்றாகச் சேர்த்துச் சீனியின் கையில் வைத்தார். அவன் கையை உடனே விடவில்லை.

"ஆடு ஒண்ணு குறைஞ்சாலும் என் கடையில வந்து கேளும்," என்றார் அண்ணாச்சி. சட்டையில் பச்சைக் கறையும் புழுக்கையும் அப்பியிருந்தன.

"உம்ம கடையில ஆடா விக்கீரு வே?" என்று சொல்லிவிட்டுத் தாத்தா வேனில் ஏறினார்.

பேபி அக்காவும் நானும் கூடப் போனோம். ஆப்பரேசன் அன்று இரவு தாத்தா கட்டுப்போட்ட கண்ணோடு மல்லாந்து கிடந்து, கூரையைப் பார்ப்பவர்போல் இருந்தார். அடுத்த கட்டிலில் முத்துமாரியம்மாளின் மருமகளைப் பற்றிய கதை முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். விரல்களைக் காட்டினார். "ரெண்டு," என்றார் தாத்தா. வேறு விரல்களைக் காட்டினார். "நாலு." டாக்டரம்மா சிரித்தார். "என்ன தாத்தா, சந்தோசம்தானே?"

"ஆட்டைப் பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றார்.

திரும்பி வந்த நாளில் வானம் கிழக்கே மூடியிருந்தது. விதைத்து முடித்த காடுகள் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தன. வேனில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர்கள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. ஒருவர் மைல்கல்லைப் படித்தார். இன்னொருவர் அது தப்பு என்றார். ஊர் நெருங்க நெருங்கத் தாத்தா முன்சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆடு குறைந்திருந்தால், ஒரு கயிறு மாறியிருந்தால் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"நிப்பாட்டு," என்றார் திடீரென்று.

ரோட்டிலிருந்து தள்ளி, ஓடைக்கரை ஓரம், கரிசலுக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் அசைந்துகொண்டிருந்தன. ஆடுகள் கறுப்பும் செவலையுமாக மண்ணோடு கலந்திருந்தன. கழுத்தில் கிடந்த வேட்டிக் கயிறுகள்தான் முதலில் தெரிந்தன. தாத்தா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. ஒன்று, ரெண்டு என்று எண்ணினார். நடுவில் ஒரு ஆடு இன்னொன்றின் பின்னால் போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இன்னிக்கு முறை சீனிக்குத்தான," என்றாள் பேபி அக்கா.

"ஒண்ணு கூடுதுல்லா," என்றார் தாத்தா. "அது என்னது, நம்ம ஆட்டுக்கு நடுவுல வெள்ளையா, உசரமா?"

நாங்களும் பார்த்தோம். அந்த உயரமான வெள்ளை, தலைக்கு மேல் ஒரு குழையைத் தூக்கிப் பிடித்தபடி, முள்ளுக்குள் ஏற முயன்ற ஒரு ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆடு திரும்பவில்லை. அது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியது. செருப்பு ஒன்று கரிசலில் சிக்கி நின்றுவிட்டது.

"ஐயோ, அண்ணாச்சி!" என்றாள் பேபி அக்கா. "சீனி எங்க போயிருப்பான்? கயத்தாறுல மேட்ச்சுன்னு சொன்னானே, படுபாவி."

தாத்தா கண்ணாடியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். அவள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். அவர் கண்ணாடியோடேயே பார்த்தார். அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு ஆட்டின் பின்னால் வளைந்து வளைந்து ஓட, மற்ற வெள்ளைப் புள்ளிகள் நின்று வேடிக்கை பார்த்தன. தாத்தா மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை சத்தமாக, எண்ண ஆரம்பித்தார்.